பாத்திரம் கழுவறது யாருங்க?

மாஸ்டர் ஒரு வீட்டுக்குள் வந்தால் ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவார், "இருக்கீங்களா" என்று பொதுவாக ஒரு குரல் கொடுப்பார், நேரே சமையலறைக்குப் போய் சிங்க்குக்கு முன்னால் நின்றுகொள்வார். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்.

"பாத்திரம் கழுவறது யாருங்க?"

இதற்குப் பதில் வராமல் அவர் டேப்பைக் கையில் எடுத்ததை நான் பார்த்ததில்லை. என்ன பலகை, என்ன கலர், எத்தனை கதவு, எத்தனை நாளாகும் என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் அப்பறமேலுக்குங்க" என்பார். கொலைக் கேஸ் விசாரிக்க வந்த மாதிரி அந்த ஒரு கேள்வியிலேயே நிற்பார். "வீட்டுக்காரிதான்" என்று சொன்னால் போதாது, அந்த வீட்டுக்காரி வந்து நிற்க வேண்டும். அவள் கையில் ஒரு குண்டானைக் கொடுத்து, தண்ணீர் இல்லாமலே கழுவச் சொல்வார். முழங்கை, மணிக்கட்டு, தரை என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் அவருக்கு இதுதான் நடைமுறை.

அந்தக் கேள்விக்குத்தான் நான் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்வதற்கு முன் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சிங்க்கைச் சுற்றி கப்போர்டு செய்கிறவர் என்றாலும் அவர் முதலில் கற்றது மரவேலை இல்லை. இருபது வருஷம் பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர். கழுத்து, கை, உடம்பு என்று டீசர்ட்டின் ஒவ்வொரு துண்டையும் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்டிக் கொடுக்கிற வேலை. அந்தக் காகிதத்தை வைத்துத்தான் துணியை அடுக்கடுக்காக வெட்டுவார்கள். காகிதத்தில் காலிஞ்சு தப்பினால் இருபதாயிரம் டீசர்ட்டும் தப்பும். கம்பெனியை விட்டு வந்து அஞ்சாறு வருஷம் ஆன பிறகும் ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவர் பேரை நான் கேட்டதே இல்லை, அவரும் சொல்லவில்லை.

வேலையை விட்ட கதையை அவர் இரண்டு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. ஒரு ஆர்டர் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. கழுத்து சின்னது, தலை நுழையவில்லை. அளவுத் தாளை டைப் அடித்த ஆபீஸ் ஆள் ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறான். அவன் முதலாளிக்குச் சொந்தக்காரன். முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு, அளவுத் தப்பு தன்னுடையதுதான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னாராம். சம்பளத்தில் கை வைக்க மாட்டேன், ஆர்டர் கொடுத்த பையருக்குக் காட்ட ஒரு பேச்சுக்குத்தான் என்றாராம்.

"என்ற அளவு தப்பில்லீங்கன்னேன். அவரு மறுக்காவும் பேச்சுக்குத்தான மாஸ்டருன்னாரு. கத்தரிய எடுத்துட்டு வந்துட்டனுங்க. கத்தரி என்றது, கம்பெனியோடதில்ல."

அவ்வளவுதான் கதை. இருபது வருஷத்து வேலை. அதற்குப் பிறகு மச்சானின் பிளைவுட் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தவர், பக்கத்து வீட்டில் யாருக்கோ சிங்க்குக்கு அடியில் ஒரு கதவு போட்டுக் கொடுத்து, அப்படியே இந்த வேலைக்கு வந்துவிட்டார்.

"இருவது வருசம் செருமனிக்காரனுக்கும் பிரான்ஸ்காரனுக்கும் வெட்டுனனுங்க. ஒருத்தன் ஒடம்பையாவது கண்ணுல பாத்திருப்பனா? எல்லு, எக்ஸெல்லுன்னு எழுத்தைத்தான் பாத்தேன். இப்பத்தான் ஆளப் பாத்து வெட்டறேன்" என்பார்.

ஆளைப் பார்ப்பது என்றால் லேசுப்பட்ட பார்வை இல்லை. என்னை முதல்முதலில் பிளைவுட் கடையில் பார்த்தபோது, வணக்கம் சொல்வதற்கு முன்னால், "உங்களுக்கு இடது தோளு அரை இஞ்சு எறக்கமுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சட்டை போடும்போதெல்லாம் அந்த ஞாபகம். அவர் மச்சானிடம் ஒரு நாள், "உனக்கு வலது காலு கொஞ்சம் குட்டைடா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதர் ஒரு மாதம் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மாஸ்டருக்கு இதில் கேலியோ கெட்ட எண்ணமோ கிடையாது. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்வார்.

அவருடைய இன்னொரு பழக்கம் சாம்பிள். பனியன் கம்பெனியில் ஒரு சாம்பிள் தைத்து, அதைப் பையர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் மற்றதை வெட்டுவார்கள். கப்போர்டுக்கும் அவர் அதே சட்டத்தை வைத்திருந்தார். அவரிடம் ஒரு இரும்பு ஸ்டாண்டு இருந்தது. நாலு காலிலும் அரை இஞ்சுக்கு ஒரு ஓட்டை, ஆணியை மாற்றிக் குத்தினால் உயரம் கூடும், குறையும். அதன் மேல் நம் சிங்க்கைத் தூக்கி வைத்து, சுற்றிலும் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியை வெட்டிக் கதவு மாதிரி நிறுத்தி, நனையாமல் இருக்க பாலித்தீன் சுற்றிவிடுவார். மூன்று நாள் அதில் புழங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளைவுட்டில் ரம்பம் வைப்பார். அந்த மூன்று நாளும் எந்த நாட்டுக்கோ போக வேண்டிய பெட்டிக்கு முன்னால் நின்று நாம் ரசச்சட்டி தேய்த்துக்கொண்டிருப்போம். சாம்பிள் வேண்டாம், நேராகச் செய்துவிடுங்கள் என்றால் "அப்ப வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று கிளம்பிவிடுவார்.

அப்படிக் கிளம்பியதில் ஒரு தடவை என் தலைதான் உருண்டது. நான் வேலை செய்த நிட்டிங் கம்பெனி முதலாளி புது வீடு கட்டினார். ஏதோ ஒரு நல்லெண்ணத்தில் நான் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டை விடப் பெரிய சமையலறை. மாஸ்டர் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார். முதலாளியம்மா, "நாந்தேன்" என்றார். மாஸ்டர் குண்டானைக் கையில் கொடுத்தார். அவர் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க, நெசமாலுமே கழுவறது யாருங்க?" என்றார்.

நெசமாலுமே கழுவுகிறவர் பின்கட்டில் சலதாரை ஓரத்தில் குத்தவைத்து, மலை மாதிரி குவிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடச் சொன்னார் மாஸ்டர்.

"அவ உள்ளுக்கெல்லாம் வரமாட்டா மாஸ்டர்" என்றார் முதலாளியம்மா.

"அப்ப இந்த சிங்க் யாருக்குங்க?"

"வர்றவங்க போறவங்க பாக்கறதுக்குத்தேன்."

மாஸ்டர் டேப்பைப் பையில் போட்டார். "பாக்கறதுக்குன்னா கண்ணு ஒசரத்துக்கு வெச்சுரலாமுங்க" என்றார்.

நான் அந்த வீட்டை விட்டு எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு ஆறு மாதம், முதலாளி என்னை எங்கே பார்த்தாலும், "ஏப்பா, உன்ற மாஸ்டரு கண்ணு ஒசரத்துக்கு சிங்க் வெச்சுட்டாரா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். நான் நூல் அறுந்த மாதிரி மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். நானும் என் மனைவியும் தெற்கே தூத்துக்குடி ஜில்லாக்காரர்கள். கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர்கள். நான் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர், எப்போதும் நைட் ஷிப்ட். அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசர் ஆனவள். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு வருவாள். நான் விடிந்து வீட்டுக்கு வந்து, படுத்து, மத்தியானம் எழுந்திருப்பேன். எழுந்தால் எதிரே பாத்திரம். முதலில் ஒரு நாள், பாவமே என்று கழுவினேன். மறுநாளும் கழுவினேன். பிறகு குழம்பு வைத்தேன். அப்புறம் அது என் வேலை என்று ஆகிவிட்டது, அவளும் நானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

இது என் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் என்னை ஒன்றும் சொல்ல மாட்டாள், என் மனைவியைத்தான் ஏசுவாள். சம்பாதிக்கிற மருமகள் என்று ஏற்கெனவே அவளுக்கு ஒரு கடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து போன் பண்ணினால் முதல் கேள்வியே, "அவ ஒனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுதாளால?" என்பதுதான். "போடுதாம்மா" என்பேன், கையில் சோப்பு நுரையோடு. வருஷத்துக்கு ஒரு முறை அம்மா கிறிஸ்துமஸுக்கு வந்து நாலு நாள் இருப்பாள். அந்த நாலு நாளும் என் மனைவி லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே எழுந்து எல்லா வேலையும் செய்வாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவள் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பேப்பரைத் திருப்புவேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் லோன் போட்டு ஒரு சின்ன வீடு வாங்கினோம், பழைய வீடுதான். சிங்க் இருந்த பக்கம் மட்டும் கல்மேடை கிடையாது. முன்பு இருந்தவர் ஒரு மரப்பெட்டி மாதிரி அடித்து, அதன் மேல் எவர்சில்வர் சிங்க்கை உட்கார வைத்திருந்தார். எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. அதில் ஊறி ஊறி அந்தப் பலகை டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் குக்கரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சிங்க் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் முழுக்க என் காலில் கொட்டியது. அது நவம்பர் மாதம். மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

வந்தார், நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"வீட்டுலதான் மாஸ்டர். அவதான் கழுவுறா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, மனைவி இருந்தாள். என்னைப் பார்த்தாள். சிங்க்குக்கு முன்னால் போய் நின்றாள். மாஸ்டர் குண்டானைக் கொடுத்தார். அவள் அதைச் சுற்றிச் சுற்றித் தேய்த்த அழகைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அவள் நாலடி பத்து அங்குலம், நான் ஆறடிக்கு ஒரு இஞ்சு குறைவு. மாஸ்டர் முப்பத்தொன்றரை இஞ்சு என்று சொல்லி ஸ்டாண்டில் ஆணியைக் குத்தினார். அட்டையை நிறுத்திவிட்டுப் போனார்.

மூன்று நாள் என்றது அந்த முறை அடுத்த ஞாயிறு வரை போய்விட்டது. ஏழு நாளும் நான் அந்தக் குட்டை சிங்க்கில் வளைந்து நின்று கழுவினேன். இடுப்பு விட்டுப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார். சிங்க்கைப் பார்க்கவில்லை, குனிந்து அட்டையைப் பார்த்தார். டேப்பை நீட்டினார்.

"இது யாரு முட்டிங்க?"

அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம். குனிய முடியாமல் நான் முட்டியை மடித்து அட்டையில் அழுத்தி நின்ற அடையாளம். எனக்குத் தெரியவே தெரியாது.

"தரையிலிருந்து இருவத்தொண்ணு இஞ்சு. அம்மணிக்கு முட்டி பதினேழுலயே முடிஞ்சுருமுங்க" என்றார். பிறகு சிங்க்கின் இடது பக்கம் கிடந்த ஸ்க்ரப்பரை எடுத்துப் பார்த்தார். "அம்மணி சோத்தாங்கை. நீங்க அன்னைக்கு டீ குடிச்சது பீச்சாங்கையில."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நான் அகப்பட்ட திருடன் மாதிரி நின்றேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கிறிஸ்துமஸுக்கு வருகிறாள், சிங்க் என் உயரத்துக்கு இருந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள், இவளைத்தான் நார் நாராகக் கிழிப்பாள், ஊரிலும் சொல்லிவிடுவாள், அதனால் இவள் உயரத்துக்கே இருக்கட்டும் என்றேன்.

"உங்கம்மா நாலு நாளு இருப்பாங்க. உங்க முதுகு இன்னி முப்பது வருசம் இருக்கோணுமுங்க. முப்பத்தாறரை."

"வேண்டாம் மாஸ்டர். முப்பத்தொண்ணரையே வைங்க."

"தப்பான அளவு நானு வெக்கறதில்லீங்க" என்று ஸ்டாண்டைக் கழற்ற ஆரம்பித்தார். நிஜமாகவே கழற்றினார். சிங்க்கைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற வசனம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் என் மனைவி பேசினாள்.

"மாஸ்டர், இவுக அளவுக்கே வைங்க. அத்தை ஏசுனா நான் கேட்டுக்கிடுதேன். நாலு நாள் ஏச்சு எனக்கு ஒண்ணும் செய்யாது." என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்குச் சொல்லத் தைரியமில்லன்னா பேசாம இருங்க. வளைஞ்சு நின்னு கஷ்டப்பட வேண்டாம்" என்றாள்.

மாஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஸ்டாண்டைத் திரும்ப நிறுத்தி, ஆணியை ஐந்து இஞ்சு மேலே ஏற்றிக் குத்தினார். ஒரு வாரம் அந்தச் சாம்பிளும் ஓடியது. பிறகு வெட்டினார். அடியில் நாலு விரற்கடை உயரத்துக்குக் கருங்கல் துண்டு வைத்து, அதன் மேல் பெட்டியை நிறுத்தினார். தையலுக்கு ஓரத்தில் துணி விடுவதைப் போல, உப்புத் தண்ணிக்கு அலவன்ஸ் என்றார். ஸ்க்ரப்பர் வைக்க இடது பக்கம் ஒரு சின்னத் தட்டு. குழாயையும் ஏற்றியாயிற்று. அந்த சிங்க்கின் முன் முதல் நாள் நின்றபோது கை தானாகப் போய் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. யாரோ என்னை நேரே நில் என்று சொன்ன மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா வந்தாள். வந்த அன்று காலை தன் டம்ளரைக் கழுவப் போனாள். எக்கி நின்று குழாயைத் திறந்தாள், தண்ணீர் முழங்கை வழியாக ஓடி ஜாக்கெட்டை நனைத்தது.

"ஏட்டி, இது என்னட்டி இம்புட்டு ஒசரம்? இதுல நீ எப்படிக் கழுவுத?"

என் மனைவி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். நான் சொல்வதற்கு இடம் விட்டாள். நானும் சொன்னேன்.

"கப்போர்டு போட்டவரு அளவைத் தப்பா எடுத்துட்டாரும்மா."

கரண்டி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. கைதவறி விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மாஸ்டர் வந்து சேர்ந்தார். கைப்பிடி மாட்டுவது பாக்கி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, நீங்கதான் அளந்தியளோ? வீட்டுல பொம்பளை எம்புட்டு ஒசரம்னு கண்ணு தெரியாதா? ஒரு டேப்பு புடிக்கத் தெரியாம எதுக்குய்யா தொழிலுக்கு வாரிய?"

மாஸ்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சமையலறை வாசலில் என் மனைவி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் அவளையும் பார்த்தார். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னதற்கு இருபது வருஷ வேலையை உதறிவிட்டு வந்த மனிதர். இப்போது என் பொய்யை நடுவீட்டில் போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உடைத்திருந்தாலும் நியாயம்தான்.

"ஆமாங்கம்மா. அளவு தப்பிப் போச்சுங்க" என்றார்.

அம்மா இன்னும் கொஞ்சம் பேசினாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கைப்பிடிகளை மாட்டினார். மிச்சம் கிடந்த பிளைவுட்டில் ஐந்து இஞ்சு உயரத்துக்கு ஒரு மணைப்பலகை அடித்து, சிங்க்குக்கு முன்னால் போட்டு, "அம்மணி ஏறி நின்னுக்கட்டுமுங்க" என்றார். என் பொய்க்கு ஒரு பலகையும் செய்து கொடுத்தார்.

நான் வாசல் வரை பின்னாலேயே போனேன். "மாஸ்டர், மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் மொபெட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "அம்மணி பேச்சு வாங்கக் கூடாதுங்களே" என்றார். "என்ற பேருக்கென்னங்க. உங்கம்மா ஒருத்தருக்குத்தான தெரியும்" என்றார். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கயிற்றில் மட்டும் அவருக்கு முடிச்சு விழவில்லை, மூன்று தடவை கட்டினார்.

அவர் என் அம்மாவை அறியாதவர். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அக்கா இருந்தார், இந்த ஊர்க்காரர். எங்கள் சிங்க்கைப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் தன் சமையலறை முழுவதையும் மாஸ்டரிடம் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார். மாஸ்டருக்கு அதுவரை ஒரு முழுச் சமையலறை கிடைத்ததில்லை. சிங்க்குக்கு அடியில் கதவு, மூலையில் ஒரு அலமாரி என்று துண்டு துண்டாகத்தான் செய்துகொண்டிருந்தார். அந்த வீட்டுக் கதவுகளுக்குப் பேட்டர்ன் போட வேண்டிய பழுப்புக் காகிதத்தைக்கூட வெட்டி எடுத்து வைத்திருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று அந்த அக்கா வந்தார். அம்மா கேக்கும் முறுக்கும் கொடுத்து உட்கார வைத்துப் பேசினாள். பேச்சு எப்படியோ சிங்க்குக்கு வந்தது.

"அந்த ஆளுகிட்ட மட்டும் குடுத்துராதிய தாயி. அளவே தெரியாதவரு. அவரே ஒத்துக்கிட்டாரு, என் முன்னாடி நின்னு."

"அப்பிடீங்களாம்மா? அய்யோ, நானு அவருக்குத்தான குடுக்கறதா இருந்தனுங்க. நாளைக்கே போனப் போட்டு வேண்டாமுன்னு சொல்லிப்போடறேன்." அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏனுங் தம்பி, நெசமாவே அளவு தப்பிப் போச்சுங்களா?"

எனக்கு வாயில் கேக் இருந்தது. அதை மெதுவாக மென்றேன். சமையலறையில் என் மனைவி அந்தப் பலகை மேல் ஏறி நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். அவள் குழாயை மூடிவிட்டாள். வீடு முழுக்க நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். பேசாமல் "ஆமாக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். மூன்று நாளாக அந்த வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றேன். "மாஸ்டர் அளவு சரிதான். அது என் ஒசரம். இந்த வீட்டுல பாத்திரம் கழுவுறது நான்தான். இன்னைக்கு நேத்து இல்ல, ஆறு வருசமா."

அக்கா முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பொறவு அவ என்ன செய்யுதா?" என்றாள் அம்மா.

"அவ காலைல போனா ராத்திரி வாராம்மா. நான் பகல்ல வீட்டுல இருக்கேன். கழுவுதேன். குழம்பும் வைக்கேன். போன வருசம் வந்த அன்னைக்கு நீ நல்லாருக்குன்னு ரெண்டு வாட்டி ஊத்தித் தின்ன மீன் குழம்பு, அவ ராத்திரி வச்சதுன்னு சொன்னோம். அது நான் வச்சது."

"அப்பம் அந்த மனுசன் ஏம்ல தப்பு தன்னோடதுன்னாரு?"

"நீ இவளை ஏசிரக் கூடாதுன்னு."

அம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. கையில் பாதி காப்பி இருந்தது. அதை அவசரப்படாமல் குடித்து முடித்தாள். அக்கா மெதுவாக எழுந்து, "அப்ப நானு போனுப் பண்ணலீங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நழுவினார்.

அம்மா டம்ளரோடு எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். என் மனைவி கையில் ஈரத் தட்டோடு பலகை மேலேயே நின்றிருந்தாள்.

"கீழ எறங்குட்டி" என்றாள் அம்மா.

அவள் இறங்கினாள். அம்மா அந்தப் பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். எக்கி, டம்ளரை சிங்க்கில் போட்டாள்.

"ஏல, இங்க வா. கழுவு."

நான் போய் நின்றேன். ஸ்க்ரப்பரை எடுத்தேன், குழாயைத் திறந்தேன். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். என் கையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள், அங்கிருந்து தரை வரைக்கும் பார்த்தாள். கழுவி முடித்து டம்ளரைக் கவிழ்க்கப் போனேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில கறை அப்படியே இருக்கு. ஆறு வருசமா இந்த லெச்சணத்துலதான் கழுவுதியா? இன்னொருக்கத் தேயி" என்றாள்.